ஹாட்ஜா, பாலா, ஜட்டா? 2001 டிராஃப்ட்ல சண்டை போட வேண்டியது ரெண்டாவது பிக்குக்கு

ஒவ்வொரு நவம்பரும் ஏஎஃப்எல், அதாவது ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக், அதோட டிராஃப்ட் நெருங்கினா இந்த வருஷப் பசங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி கடைசியில 2001ல போய்தான் நிக்கும். அந்த வருஷம் முதல் பிக், அதாவது முதல்ல பையனை எடுக்கற உரிமை, ஹாதார்ன் கிளப் கிட்ட, ரெண்டாவது செயின்ட் கில்டா கிட்ட, மூணாவது வெஸ்ட் கோஸ்ட் கிட்ட இருந்துச்சு. முன்னாடி நின்ன பசங்களும் மூணு பேர், லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட். அந்த வரிசையிலயே போனாங்க. ஜட் அப்புறம் ஆடின ஆட்டத்தைப் பாத்தவங்க எல்லாரும் "ஹாதார்ன் எப்படிய்யா ஜட்டை விட்டாங்க"ன்னு கேப்பாங்க. எனக்கு அந்தக் கேள்வியே தப்பான எடத்துல கேக்கற மாதிரி படுது. ஹாதார்ன் எடுத்தது சரி. மறுபடி உக்காந்து யோசிக்க வேண்டிய முடிவு செயின்ட் கில்டாவோடது.

டிராஃப்ட் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது ஐபிஎல் ஏலம் மாதிரி காசு வச்சிருக்கறவன் கை தூக்கி வாங்கற விஷயம் கிடையாது. முந்தின சீசன்ல கடைசியா முடிச்ச டீம் முதல்ல எடுக்கும், அப்படியே மேல போகும், பையனுக்கு எந்த கிளப்புன்னு சொல்ற உரிமை கிடையாது, 17, 18 வயசுல நாட்டோட இன்னொரு மூலைக்குப் போன்னா போகணும். அந்தக் காலத்துல 5 வெற்றிக்கு மேல போகாத டீமுக்கு முதல் ரவுண்டுக்கு முன்னாடியே இன்னொரு பிக்கும் சேத்துக் குடுப்பாங்க. 2001ல ஃப்ரீமேன்டில் 2 மேட்ச், செயின்ட் கில்டா 4, வெஸ்ட் கோஸ்ட் 5 மேட்ச்தான் ஜெயிச்சாங்க. அதனால செயின்ட் கில்டாவுக்கு 2, 5ன்னு ரெண்டு பிக், வெஸ்ட் கோஸ்டுக்கு 3, 6ன்னு ரெண்டு பிக். இந்த ரெண்டு ரெண்டு பிக் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அப்போ ஃப்ரீமேன்டிலோட முதல் பிக் ஹாதார்ன் கைக்கு எப்படி வந்துச்சு? ட்ரேட். ட்ரென்ட் குரோடுன்னு ஒரு பெரிய ஃபார்வர்டு, கூடவே லூக் மெக்ஃபார்லின், இந்த ரெண்டு பேரையும் குடுத்துட்டு ஃப்ரீமேன்டிலோட 1, 20, 36 மூணு பிக்கையும் வாங்கிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது, ஹாதார்ன் அந்த வருஷம் அடியில கெடந்த டீமே இல்ல, பிரிலிமினரி ஃபைனல் வரைக்கும் போய் எஸ்ஸண்டன் கிட்ட கொஞ்சத்துல தோத்த டீம், இன்னும் ஒரு படி ஏறினா கிராண்ட் ஃபைனல். அந்த நெலமையில முன்னாடி நின்னு கோல் அடிக்கற ஆளைத் தூக்கிக் குடுத்துட்டு ஸ்கூல் முடிக்கற பையனை எடுக்கறதுன்னா, அந்தப் பையன் கண்டிப்பா தேறியே ஆகணும். தேறலன்னா அடுத்த பிக் 16வதுதான், நடுவுல தாங்கிப் பிடிக்க ஒண்ணுமே கிடையாது. என்னோட வாதம் முழுக்க இதுலதான் நிக்குது.

இப்போ பசங்களுக்கு வருவோம், 2001 நவம்பர்ல என்ன தெரியுமோ அதை மட்டும் வச்சு.

ஜட் மெல்பர்ன் பையன், சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ்ங்கற ஜூனியர் டீம்ல ஆடினவர். பந்து கையில வந்ததும் நாலு பேர் நடுவுலேர்ந்து வெடிச்சுக் கெளம்பி வர்ற அந்த வேகம் மத்த ரெண்டு பேர் கிட்டயும் கிடையாது. ஸ்டாப்பேஜ்ல, அதாவது அம்பயர் பந்தை மேல போட்டு எல்லாரும் ஒரே எடத்துல முட்டிக்கற நேரத்துல, பந்தை எடுக்கறது ஒரு திறமை, எடுத்த பந்தோட வெளிய ஓடி வர்றது வேற திறமை. ரெண்டும் ஒரே ஆள் கிட்ட இருக்கறது ரொம்ப அபூர்வம், ஜட் கிட்ட இருந்துச்சு. ஆனா தோள்பட்டை. 18 வயசு ஆகும்போதே தோள் நழுவி ஆபரேஷன் வரைக்கும் போன பையன். தரையில விழுந்து, ஆள் மேல மோதி, டேக்கிள் வாங்கி, டேக்கிள் போட்டு ஆடற ஆட்டத்துல தோள் சரியில்லன்னா எந்த டாக்டரும் எந்த ரெக்ரூட்டரும் யோசிக்கத்தான் செய்வாங்க. யோசிச்சது கோழைத்தனம்னு இன்னைக்கு சொல்றவங்க கிட்ட எனக்கு உடன்பாடு இல்ல.

லூக் பாலும் அதே சாண்ட்ரிங்ஹாம் டிராகன்ஸ்தான், ஜட்டோட ஒண்ணா ஆடினவர். அடியில போய் பந்தை எடுக்கற மிட்ஃபீல்டர், தலையைக் குனிஞ்சு உள்ள போவார், அடி வாங்குவார், பந்தோட எந்திரிப்பார், பேச்சும் பொறுப்பும் 17 வயசுலயே ஒரு கேப்டனோட பேச்சு மாதிரி இருக்கும். மூணு பேருல இவரைத்தான் கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னு நெனச்சவங்க நெறைய. கேள்வி இருந்தது வேகத்துல மட்டும்தான். பெரிய லெவல்ல ஆட்டம் வேகமாகும்போது இவரால வெளிய ஓட முடியுமான்னு.

ஹாட்ஜ் சிட்டி பையன் கிடையாது. விக்டோரியாவோட தென்மேற்குல இருக்கற கோலாக், பால் பண்ணை ஊரு, அங்கேர்ந்து ஜீலாங் ஃபால்கன்ஸுக்கு ஆடினவர். இடது கால் கிக், அதுவும் சும்மா தூரம் அடிக்கற கிக் இல்ல, ஓடற ஆளோட நெஞ்சுக்கு நேரா போய் உக்கார்ற கிக். உடம்பு 17 வயசுலயே பெரியவங்க உடம்பு. எல்லாத்தையும் விட முக்கியமா எனக்குப் படறது, இவரைப் பின்னாடி போட்டா டிஃபண்டர், நடுவுல போட்டா மிட்ஃபீல்டர், முன்னாடி போட்டா கோல் அடிப்பார். ஒரு பையன் ஒரு எடத்துல சரியா வரலன்னா இன்னொரு எடத்துல வர வாய்ப்பு இருக்குன்னா, அவர் மேல வைக்கற பந்தயம் சுத்தமா போறதுக்கான வழி குறையுது. ஜட் மிட்ஃபீல்டர், பால் மிட்ஃபீல்டர், அது நடக்கலன்னா அவங்களுக்கு வேற கதவு இல்ல.

அப்போ ஹாதார்ன் எடத்துல நீங்க உக்காந்து பாருங்க. ஒரே ஒரு பெரிய பிக், அதுக்குக் குடுத்த வெல ரெண்டு நல்ல ஆளு, டீம் ஏற்கெனவே ஃபைனல்ஸ் ஆடற டீம். ரொம்ப ஒசரமா போக வாய்ப்பு ஜட்டுக்கு, ஆனா தோள் போச்சுன்னா மொத்தமும் போச்சு. கொஞ்சம் குறைஞ்ச ஒசரம் ஆனா நாலு பக்கமும் தாங்கல் இருக்கறது ஹாட்ஜுக்கு. நானா இருந்தா ஹாட்ஜ்தான், ரெண்டாவது யோசனையே இல்ல.

நடந்ததையும் சொல்லிடறேன், இல்லன்னா மறைச்ச மாதிரி ஆகிடும். ஜட் 2004ல பிரவுன்லோ மெடல், அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, 2005 கிராண்ட் ஃபைனல்ல சிட்னி கிட்ட 4 பாயிண்ட்ல தோத்தும்கூட அவருக்குத்தான் அந்த மேட்சோட சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல், 2006ல அதே சிட்னியை 1 பாயிண்ட்ல அடிச்சு கேப்டனா கப்பு, அப்புறம் கார்ல்டனுக்குப் போய் 2010ல இன்னொரு பிரவுன்லோ. 279 மேட்ச். எல்லாரும் பயந்த தோள் அவரோட ஆட்டத்தை முடிக்கல, 2015ல முட்டிதான் முடிச்சுது. ஹாட்ஜுக்கு பிரவுன்லோ கிடையாது. ஆனா 2008, 2013, 2014, 2015ன்னு நாலு கப்பு, அதுல கடைசி மூணும் கேப்டனா, 2008லயும் 2014லயும் கிராண்ட் ஃபைனல்ல சிறந்த ஆட்டக்காரர், ஹாதார்னுக்கு 305 மேட்ச், கடைசியில பிரிஸ்பேன்ல ரெண்டு வருஷம் சின்னப் பசங்களைத் தேத்தி விட்டு மொத்தம் 346. 2008 கிராண்ட் ஃபைனல்ல விலா எலும்பு வலியோட பின்வரிசைல நின்னு ஜீலாங்கோட அட்டாக்கை ஒடைச்ச ஆட்டம் இருக்கே, அந்த வருஷம் ஜீலாங் என்ன மாதிரி டீம்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அதோட வெயிட்டு புரியும்.

தனி ஆட்டக்காரரா யாரு பெரியவர்னு கேட்டா ஜட்தான், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஹாதார்ன் கிட்ட ஜட் இருந்திருந்தா இன்னும் கப்பு வந்திருக்குமேன்னு சொல்றவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 2004ல ஹாதார்ன் 4 மேட்ச்தான் ஜெயிச்சுது. அந்த அடிமட்டத்துனாலதான் அந்த டிராஃப்ட்ல 2வது பிக்ல ஜாரட் ரஃப்ஹெட், 5வது பிக்ல லான்ஸ் ஃப்ராங்க்ளின் கெடச்சாங்க, கூடவே 7வது பிக்ல ஜோர்டன் லூயிஸும் வந்தார். 2004ல பிரவுன்லோ ஜெயிக்கற ஜட் அந்த டீம்ல இருந்திருந்தா அவ்ளோ கீழ போயிருப்பாங்களா? போயிருக்க மாட்டாங்கன்னுதான் நான் நெனக்கறேன், போகலன்னா ஃப்ராங்க்ளின் வேற யாருக்கோ போயிருப்பார். இது ஊகம்தான், ஆனா "ஜட் பிளஸ் அதே டீம்"னு கணக்கு போடறதும் ஊகம்தானே.

ஃப்ரீமேன்டில் பக்கமும் ஒரு வார்த்தை. மூணு பேரையும் விட்டுட்டு ட்ரேட் பண்ணாங்கன்னு அவங்களை ரொம்ப கேவலமா பேசுவாங்க. 2 மேட்ச் ஜெயிச்ச டீம், மேட்ச் பாக்க வர்ற ஜனமே குறையற நேரம், ரெடியா இருக்கற ஆளு வேணும்னு நெனச்சது மனுஷத்தனமா புரியுது. மெக்ஃபார்லின் அவங்களுக்கு 200 மேட்சுக்கு மேல ஆடி ரொம்ப நல்ல டிஃபண்டராவும் ஆனார். ஆனா குரோட் ரெண்டே சீசன்ல ஹாதார்னுக்கே திரும்பிட்டார், 2008 கப்புலயும் இருந்தார். அப்புறம் அந்த 36வது பிக். அதுல ஹாதார்ன் எடுத்தது சாம் மிட்செல், முந்தின வருஷ டிராஃப்ட்ல யாருமே எடுக்காம விட்ட பையன், குள்ளம், வேகம் இல்லன்னு ஒதுக்கினது. 2008 கப்பைக் கேப்டனா தூக்கினது அவர்தான், 2012 பிரவுன்லோவும் பின்னாடி அவருக்கும் வந்துச்சு, இன்னைக்கு அதே கிளப்புக்கு கோச். ஹாட்ஜா ஜட்டான்னு அடிச்சுக்கறவங்க இந்த ட்ரேடை மொத்தமா வச்சுப் பாக்கறதே இல்ல. ஹாதார்ன் ஹாட்ஜை மட்டும் வாங்கல, ஹாட்ஜும் மிட்செலும் வந்தாங்க, குரோடும் திரும்பி வந்தார்.

சொல்லப்போனா அந்த டிராஃப்ட்ல முதல் மூணு பேரையே எல்லாரும் உத்துப் பாத்துட்டு இருந்தப்போ பின்னாடி போனவங்களைப் பாருங்க. 8ல ஜிம்மி பார்டெல், 24ல ஸ்டீவ் ஜான்சன், 40ல அப்பா ஆடின கிளப்புங்கற விதியில கேரி ஆப்லெட் ஜூனியர், 58ல டேன் ஸ்வான். இந்த ஒரு டிராஃப்ட்ல வந்தவங்க மட்டும், ஜட், பார்டெல், ஆப்லெட், ஸ்வான், மிட்செல்னு அஞ்சு பேர் சேந்து 7 பிரவுன்லோ. அதே சமயம் 9வதா போன பையன் காயத்தால ஒரு ஏஎஃப்எல் மேட்ச்கூட ஆடல. டாப் 10ன்னா கேரண்டின்னு யாராவது சொன்னா இந்த வருஷத்தைக் காமிங்க போதும்.

வெஸ்ட் கோஸ்டுக்கு கஷ்டமே இல்ல, மிச்சம் இருந்த ஒருத்தரை எடுத்தாங்கன்னு சொல்றதும் சரியில்ல. அவங்க ரிஸ்க் வேற மாதிரி. மெல்பர்ன் பையனை பெர்த்துக்குக் கூட்டிட்டுப் போறோம், எவ்ளோ வருஷம் இருப்பான்? இருந்தது ஆறு சீசன், 2007 முடிஞ்சதும் வீட்டுக்குப் போறேன்னு கெளம்பிட்டார். ஆனா அந்த ஆறு சீசன்ல ஒரு கப்பு, போகும்போது கார்ல்டன் கிட்டேர்ந்து 3வது பிக், 20வது பிக், கூடவே ஜோஷ் கென்னடி. கென்னடியோட சொந்த ஊரு மேற்கு ஆஸ்திரேலியா. 2015, 2016 ரெண்டு வருஷமும் லீக்லயே அதிக கோல் அடிச்சு கோல்மன் மெடல் வாங்கினார், 2018 கப்புலயும் ஆடினார். ஊருக்குத் திரும்பிப் போவானேன்னு பயந்து நல்ல பையனை விடறது தப்புன்னு நான் நம்பறதுக்கு இதுதான் காரணம். போனாலும் வெல இருக்கு.

இதே கேள்வி 2023ல அதே கிளப்புக்குத் திரும்ப வந்துச்சு. முதல் பிக் வெஸ்ட் கோஸ்ட் கிட்ட, ஹார்லி ரீட் வடக்கு விக்டோரியாவுல டோங்காலாங்கற சின்ன ஊரு பையன், பெர்த்லேர்ந்து ரொம்பத் தூரம். பிக்கை ட்ரேட் பண்ணி ரெண்டு மூணு பிக் வாங்கி, உள்ளூர்ப் பையன் டேனியல் கர்ட்டினை எடுங்கன்னு நெறைய பேர் சொன்னாங்க. வெஸ்ட் கோஸ்ட் அசையல, ரீடை எடுத்துட்டாங்க, கர்ட்டின் 8வது பிக்ல அடிலெய்டுக்குப் போனார். கர்ட்டினும் நல்ல பையன்தான், நீளமா இருந்தும் நடுவுல ஆடக்கூடியவர். ஆனா ஜட்டோட கதையை ஒரு தடவ வாழ்ந்த கிளப்புக்கு இந்த முடிவு சுலபமா இருந்திருக்கும்னு நெனக்கறேன். ஊரு பாத்து எடுக்கறதைவிட ஆட்டம் பாத்து எடுத்தது சரி.

இப்போ செயின்ட் கில்டா. எனக்கு மனசுல உறுத்தறது இவங்க முடிவுதான்.

அவங்க நெலமை ஹாதார்ன் நெலமைக்கு அப்படியே எதிர். முந்தின வருஷம் 2000 டிராஃப்ட்லயே 1வது பிக்ல நிக் ரிவோல்ட், 2வது பிக்ல ஜஸ்டின் கொஷிட்ஸ்கின்னு ரெண்டு நெட்டைப் பசங்களை எடுத்தாச்சு. 2001ல கையில 2, 5, அப்புறம் 13. அதாவது ஒரு பையன் தேறலன்னாலும் விழுந்து போக மாட்டாங்க, தாங்கிக்க இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. ரிஸ்க் எடுக்க இதைவிட நல்ல எடம் எந்த கிளப்புக்கும் அமையாது. ஹாதார்ன் ஒரே பெரிய சீட்டு வச்சிருந்தவன், பாத்து ஆடினான். மூணு சீட்டு வச்சிருந்த செயின்ட் கில்டாவும் பாத்து ஆடினதுதான் புரியல.

சரி, டீமுக்கு என்ன தேவைன்னு பாத்தாலும் அதே பதில்தான் வருது. நடுவுல ராபர்ட் ஹார்வி இருந்தார், 1997, 1998 ரெண்டு பிரவுன்லோ, ஆனா வயசு 30. லெனி ஹேஸ் வளந்துட்டு இருந்தார், அடியில போய் பந்தை எடுக்கறதுல லீக்லயே சிறந்தவங்கள்ல ஒருத்தரா ஆகப் போறவர். பால் என்ன பண்ணுவாரோ அதை ஹேஸ் ஏற்கெனவே பண்ணிட்டு இருந்தார். ஹேஸ் எடுத்துக் குடுக்கற பந்தை வாங்கி வெடிச்சு வெளிய ஓடற ஆள்தான் அந்த டீம்ல இல்ல. அந்த ஆள் ரெண்டாவது பிக்ல கண்ணு முன்னாடி நின்னார், அதுவும் மெல்பர்ன்லயே வளந்த பையன், ஊருக்குத் திரும்பிப் போறேங்கற பிரச்சினையும் செயின்ட் கில்டாவுக்கு இல்ல. மிச்சம் இருந்த ஒரே ரிஸ்க் தோள்.

பாலை நான் கொறச்சு சொல்லல, சொல்லவும் கூடாது. எல்லாரும் பயந்தது ஜட் ஒடம்பை, ஆனா ஆரம்ப வருஷங்கள்ல இடுப்புக்கவடு காயத்தால கஷ்டப்பட்டது, பாதுகாப்பான தேர்வுன்னு நெனச்ச பால்தான். அதுலேர்ந்து எழுந்து வந்து அந்த கிளப்புக்கு கேப்டன் பொறுப்பும் பாத்தார், 2009 கிராண்ட் ஃபைனலும் ஆடினார். அந்த வருஷக் கடைசியில காலிங்வுட் போக ஆசைப்பட்டு, ட்ரேட் படியாம, மறுபடி டிராஃப்ட்லயே பேரைக் குடுத்து, 30வது பிக்ல போய்ச் சேந்தார். அடுத்த வருஷமே 2010 கிராண்ட் ஃபைனல் டிரா ஆகி, திரும்ப ஆடினப்போ காலிங்வுட் 56 பாயிண்ட்ல ஜெயிச்சு பாலுக்கு கப்பு கெடச்சுது. எதிர்ல தோத்தது செயின்ட் கில்டா. மொத்தம் 223 மேட்ச், தைரியத்துல ஒரு குறையும் சொல்ல முடியாத ஆளு. என் கேள்வி பால் நல்லவரான்னு இல்ல, ஹேஸ் இருக்கற டீமுக்கு பால் எதுக்குன்னுதான்.

2001லயே இது தெரிஞ்சிருக்குமா, இல்ல நான் பின்னாடி நடந்ததை வச்சுப் பேசறேனா? ஜட் ரெண்டு பிரவுன்லோ வாங்குவார்னு யாருக்கும் தெரியாது, அது சரி. ஆனா ஹேஸ் டீம்ல இருந்தது தெரியும், ஹார்விக்கு வயசாறது தெரியும், 5ம் 13ம் கையில இருந்தது தெரியும், ஜட்டோட வேகம் மத்த ரெண்டு பேர் கிட்ட இல்லங்கறதும் தெரியும். இந்த நாலும் போதும் முடிவு எடுக்க. அந்த 13வது பிக்ல நிக் டல் சாண்டோவையும் 37ல லீ மொன்டாக்னாவையும் எடுத்த அதே ரெக்ரூட்டிங் டீம்தான் இது, கண்ணு இல்லாதவங்க கிடையாது, அதனாலதான் இன்னும் வருத்தமா இருக்கு.

அதனால 2001 வரிசையை நான் திரும்பப் போட்டா ஹாதார்னுக்கு ஹாட்ஜ், செயின்ட் கில்டாவுக்கு ஜட், வெஸ்ட் கோஸ்டுக்கு பால். செயின்ட் கில்டா இதுவரைக்கும் ஜெயிச்சது ஒரே ஒரு கப்பு, 1966ல. 2004 பிரிலிமினரி ஃபைனல்ல போர்ட் அடிலெய்ட் கிட்ட 6 பாயிண்ட்ல, அதாவது ஒரே ஒரு கோல்ல தோத்தாங்க. ஜட் தன்னோட முதல் பிரவுன்லோவை ஜெயிச்சது அதே சீசன்லதான்.